ஐந்து நொடிக்கு ஒருமுறை

பேய் என்றால் நடுநிசி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், காற்றில் விளக்கு அணைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை இப்போதே மூடி வைத்துவிடலாம். இது நடந்தது பட்டப்பகலில். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. எதிர் லைனில் ஒருவன் பழைய பேப்பர், பழைய இரும்பு என்று கத்திக்கொண்டு போனான். அப்படிப்பட்ட நேரத்தில்தான் நேத்ராவுக்கு இது நேர்ந்தது. இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லப்படவில்லை. நேரங்கள் எல்லாம் அவள் திரையில் பார்த்தவை.

கோலார் தங்க வயலில் ஸ்கெலட்டன் பகுதி. எலும்புக்கூடு என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ரேஷன் கடை, மாரியம்மன் கோயில், தண்ணீர்க் குழாய்ச் சண்டை எல்லாம் உள்ள சாதாரண இடம்தான். அங்கே லைன் என்று சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்றில் நேத்ராவும் அவள் அப்பா அம்மாவும் இருந்தார்கள்.

நேத்ராவுக்கு வயது இருபத்தொன்பது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் இரவு வேலை. வெளிநாட்டுக்காரர்களின் மென்பொருள் படுத்துக்கொண்டால் எழுப்பி உட்கார வைக்கிற வேலை என்று அவளே சொல்வாள். மாலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவாள். விடிந்ததும் ரயிலேறி, பங்காரப்பேட்டையில் மாறி, காலை ஒன்பதரை வாக்கில் வீடு சேர்வாள். சேர்ந்ததும் படுக்க முடியாது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா செல்வமணி இருபத்து மூன்று வருடம் சுரங்கத்தில் இருந்தவர். கீழே ஆழத்து லெவல் ஒன்றில், ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்பு ஓட்டியவர். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. சுரங்கம் மூடி இத்தனை வருடம் ஆகியும் அந்தத் தூசி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. இரண்டு வருடமாகப் படுக்கை. மூக்கில் குழாய், கட்டிலருகே ஆக்ஸிஜன் மெஷின்.

அம்மா பாக்கியவதிக்கு அதே ஊரில் மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை. காலை ஏழரைக்குப் போனால் மூன்றரைக்குத்தான் திரும்புவாள். இரவெல்லாம் அப்பாவோடு விழித்திருப்பவளும் அவள்தான். அம்மா கிளம்புவதற்கும் மகள் வந்து சேர்வதற்கும் நடுவில் இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டு மாணிக்கராஜ் வந்து உட்காருவார். அப்பாவோடு கேஜ் என்கிற ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கிய பழைய சிநேகிதர்.

ஆக வீட்டில் மூன்று ஷிப்ட். அம்மாவும் மகளும் ஒழுங்காகத் தூங்கி மாதக்கணக்காகிறது. நேத்ரா ஒருநாள் கைப்பேசி என்று நினைத்து டிவி ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெங்களூர் வரை போய்வந்தாள். இன்னொரு நாள் காப்பியில் உப்பைப் போட்டாள். முழு டம்ளரையும் குடித்து முடித்த பிறகுதான் அது தெரிந்தது. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். அவளுக்குப் பசியும் இல்லை, நித்திரையும் இல்லை. நடைப்பிணமாக இருந்தாள்.

அப்பாவின் விரலில் எப்போதும் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று காட்டுகிற ஆக்ஸிமீட்டர். ஆக்ஸிஜன் எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் மெஷினை உடனே கூட்டி வைக்க வேண்டும். அந்தக் குட்டி எழுத்து அம்மாவின் கண்ணுக்கு எட்டாது. அதற்காகக் கூடத்தில் இருந்த பழைய கணினியில் நேத்ரா ஒரு சின்ன நிரல் எழுதினாள். கறுப்புத் திரை. மேலே ஆக்ஸிஜன், கீழே நாடி. சாண் உயரத்துக்கு வெள்ளை எண்கள். கிளிப்பிலிருந்து கம்பியில்லாமல் வரும் கணக்கை ஐந்து நொடிக்கு ஒருமுறை வாங்கி, பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதும். அவ்வளவுதான்.

முதல் தடவை எழுதியதில் ஒரு தப்பு நடந்தது. 'எண்ணை எழுது, ஐந்து நொடி தூங்கு, மறுபடி எழுது' என்று எழுதிவிட்டாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே முதல் நாள் சொல்லித்தருவாள்: திரையில் எழுதுகிற நிரலைத் தூங்க வைக்காதே, அது தூங்கினால் திரையும் சேர்ந்து படுத்துவிடும் என்று. களைப்பில் அவளே அதைச் செய்தாள். ஜனவரியில் ஒருநாள் திரை 91-இல் உறைந்து நின்றது. நாற்பது நிமிடம். 91 தானே, நன்றாக இருக்கிறார் என்று அவள் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏதோ பாத்திரம் எடுக்க உள்ளே போன அம்மா போட்ட அலறலில்தான் ஓடினாள். அப்பாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பிழைத்தது மறுபிழைப்பு.

அன்றைக்கே மாற்றி எழுதினாள். நிரல் இப்போது தூங்காது. 'ஐந்து நொடி கழித்து என்னைக் கூப்பிடு' என்று கடிகாரத்திடம் சொல்லிவிட்டு விழித்தே இருக்கும். இருபது நொடிக்குப் புது எண் வராவிட்டால் பழைய எண்ணை அழித்துவிடும். திரை முழுக்கச் சிவக்கும். பீப்... பீப்... என்று அலறும். பழைய எண் திரையில் நிற்பதற்கு வழியே கிடையாது. அப்பாவின் அந்த ஒரு கிளிப்பைத் தவிர வேறு எந்தக் கருவியின் பேச்சையும் அது கேட்காது. அவள் நூறு தடவை சோதித்துப் பார்த்தாள். இன்னொரு முறை அப்பாவைக் கோட்டை விடக்கூடாது. அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது.

அந்த வீட்டில் ஷிப்ட் மாறுவதற்கு ஒரு முறை உண்டு. அப்பா சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த முறை. மாற்றாள் வராமல் பம்புக்காரர் தன் இடத்தை விட்டு நகர முடியாது. மாற்றாள் வந்ததும், போகிறவர் தண்ணீர் எத்தனை அடி என்று சத்தமாகச் சொல்வார். வந்தவர் அதைத் திருப்பிச் சொல்வார். சொல்லிவிட்டால் பொறுப்பு வந்தவருடையது. போகிறவர் போகலாம். வீட்டிலும் அப்படியே. உள்ளறையிலிருந்து "எவ்ளோ?" என்று அப்பா கேட்பார். போகிறவர் எண்ணைச் சொல்ல வேண்டும், வந்தவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அது நடக்காமல் அவர் கண்ணை மூட மாட்டார்.

போன வருடம் மார்ச் மாதம். வியாழக்கிழமை.

காலை 9.42.

நேத்ரா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். உடம்பு அடித்துப் போட்டது போல் இருந்தது. கூடத்தில் மாணிக்கராஜ் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ?" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல். மூச்சு வாங்கியது.

"எண்பத்தேழு" என்றார் மாணிக்கராஜ்.

"எண்பத்தேழு நைனா" என்றாள் நேத்ரா. "நீங்க போங்க மாமா."

மாணிக்கராஜ் எழுந்து துண்டை உதறினார். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, உங்க நைனா ரெண்டு தபா கேட்டாரு. கூட யாரு வந்து உக்காந்துக்கினு கீறாங்கன்னு."

"நீங்கதான மாமா?"

"நானு கூடத்துலதான இருந்தேன்."

நோயாளி எதையாவது கேட்பார் என்று இருவருமே விட்டுவிட்டார்கள். மாணிக்கராஜ் பக்கத்து ஊரான பேத்தமங்களாவில் ஒரு வீட்டுக் காரியத்துக்குக் கிளம்பிப் போனார்.

நேத்ரா உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். கை போர்வைக்குள் இருந்தது. கிளிப்பின் சிவப்பு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று எப்போதும் அப்படித்தான் வைத்துக்கொள்வார்.

"இங்கயே... நின்னுக்கினு இருக்காத. போய் உக்காரு" என்றார், திரும்பாமல்.

அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது.

10.20. எண்பத்தேழு. எண்பத்தெட்டு. எண்பத்தேழு. நாடி நூற்று எட்டு. எல்லாம் வழக்கம் போல. அவள் முகம் கழுவிக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். விழித்துப் பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது. எண் மாறும்போதெல்லாம் திரை ஒரு கணம் சிமிட்டும். அந்தச் சிமிட்டல் அவள் இமையையும் சேர்த்து இழுத்தது.

11.07. தொண்ணூறு.

11.16. தொண்ணூற்று மூன்று.

அவள் நிமிர்ந்தாள். இரண்டு வருடத்தில் தொண்ணூற்றொன்றைத் தாண்டியதே இல்லை. எழுந்து உள்ளே போனாள். அப்பா அதே மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. எழுப்பினால் அரை மணி நேரம் இருமுவார். போர்வையைத் தொட மனம் வரவில்லை.

அறையில் ஒரே ஒரு வித்தியாசம். மூலையில் துவைத்த துணி அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலி கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. துணி தரையில் அடுக்காக வைக்கப்பட்டிருந்தது. மாமா உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு வாசனை. ஈரக்கல்லும் கிரீஸும் கலந்தது. சின்ன வயதில் அப்பாவின் ஷிப்ட் உடுப்பைத் துவைக்கப் போடும்போது வருமே, அது. பழைய டிரங்குப் பெட்டி ஏதாவது திறந்திருக்கும் என்று அதையும் விட்டுவிட்டாள். களைத்த மனம் எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிடும்.

11.33. தொண்ணூற்றெட்டு. நாடி அறுபத்து நான்கு.

நோய்நொடி இல்லாத இளவட்டத்தின் எண்கள் அவை. அலுவலகத்தில் இப்படி ஒன்று வந்திருந்தால் 'முதலில் கருவியைப் பாருங்கள்' என்று அவள்தான் சொல்லியிருப்பாள். வீட்டில் அவள் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. திரை சிமிட்டியது. தொண்ணூற்றெட்டு. சிமிட்டியது. தொண்ணூற்றேழு. சிமிட்டியது. தொண்ணூற்றெட்டு. அவளுக்கு அழுகை வந்தது. மருந்து கேட்டுவிட்டது, நைனா தேறிவிட்டார், மூன்றரைக்கு அம்மா வந்ததும் நேரில் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். மேசையில் தலையைச் சாய்த்தாள்.

ஐந்து நிமிடம்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

அரைத்தூக்கத்தில் காதில் விழுந்தது.

"எவ்ளோ?"

அப்பாவின் குரல். ஆனால் மூச்சு வாங்கவில்லை.

"தொண்ணூத்தெட்டு."

இது ஆண் குரல். நிதானமான குரல்.

"தொண்ணூத்தெட்டு. சரி."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஏதோ ஒரு சுவிட்ச்... டக். யாரோ மெதுவாக நடந்தார்கள். நான்தான் பதில் சொன்னேன் போலிருக்கிறது என்று நினைத்தபடியே அவள் அடியாழத்துக்குப் போய்விட்டாள். பல மாதங்களில் அப்படி ஒரு தூக்கம் அவளுக்கு வாய்த்ததில்லை.

12.51.

விழித்தாள். திரையில் தொண்ணூற்றெட்டு. நாடி அறுபத்து நான்கு. வெளியே வெயில்.

ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று உடனே பிடிபடவில்லை.

சத்தம்.

மெஷின் சத்தம் இல்லை.

12.53. உள்ளே ஓடினாள். அப்பா மல்லாந்து படுத்திருந்தார். காலை நீட்டி, கையை இரு பக்கமும் வைத்து. மெஷின் சுவிட்ச் அணைந்திருந்தது. மூக்குக் குழாய் வட்டமாகச் சுருட்டப்பட்டு ஆணியில் மாட்டியிருந்தது. அவளும் அம்மாவும் அதை ஒருநாளும் சுருட்டியதில்லை.

தொட்டாள். சில்லென்று இருந்தது.

இரண்டு கையும் போர்வைக்கு வெளியே இருந்தன. எந்த விரலிலும் கிளிப் இல்லை.

போர்வையை உதறினாள். தலையணையைத் தூக்கினாள். கட்டிலுக்கடியில் குனிந்தாள். இல்லை.

நிமிர்ந்தபோது அறைவாசல் திரைச்சீலை ஒதுங்கியிருந்தது. அதன் வழியே கூடத்துக் கணினி தெரிந்தது.

தொண்ணூற்றெட்டு.

சிமிட்டியது.

தொண்ணூற்றேழு.

12.56. கூடத்துக்குப் போய் நிரலை மூடினாள். மறுபடி திறந்தாள். இரண்டு கோடுகள் மட்டும் தெரிந்தன. ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து.

தொண்ணூற்றெட்டு. அறுபத்து நான்கு.

அப்பா உள்ளே சில்லிட்டுக் கிடக்கிறார். அந்தக் கிளிப் ஏதோ ஒரு விரலில் இருக்கிறது. இந்த வீட்டுக்குள் இருக்கிறது.

"யாரு?" என்றாள்.

ஐந்து நொடி.

நாடி எழுபத்தொன்று.

ஐந்து நொடி.

எண்பத்து மூன்று.

கேட்டிருக்கிறது. கேட்டுத் திடுக்கிட்டிருக்கிறது.

அவள் உள்ளறைப் பக்கம் ஓரடி வைத்தாள். எழுபத்தொன்பது. இன்னோர் அடி. எழுபத்து நான்கு. அங்கே இல்லை.

திரும்பினாள். தெருக்கதவுப் பக்கம் ஓரடி வைத்தாள்.

தொண்ணூறு.

இன்னோர் அடி.

நூற்று நான்கு.

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே வெயிலில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. நாலடி போனால் தெரு. அவளால் போக முடியவில்லை.

கதவுக்கும் அவளுக்கும் நடுவில்...

நூற்றுப் பதினெட்டு.

அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. கத்துவதற்குக்கூடத் தெம்பு வேண்டும். சுவரோடு சாய்ந்து நின்றாள். அப்போது ஏன் அதைச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"தொண்ணூத்தெட்டு" என்றாள். "சரி. நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

ஐந்து நொடி.

தொண்ணூற்றேழு.

ஐந்து நொடி.

எண்பது.

ஐந்து நொடி.

அறுபத்து நான்கு.

கோழி படபடவென்று இறக்கை அடித்து வழிவிட்டு ஓடியது.

1.04. திரை சிவந்தது. பீப்... பீப்... பீப்...

ஒன்று இருபதுக்கு அம்மா வந்தாள். மூன்றரைக்கு வர வேண்டியவள். தெருமுனையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், முந்தானை தரையில் புரண்டது. நேத்ராவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே உள்ளே போனாள். அவள் அழுத அழுகையில் லைன் முழுக்கக் கூடிவிட்டது.

வந்து பார்த்த டாக்டர், பதினொன்று, பதினொன்றே கால் வாக்கில் உயிர் போயிருக்கிறது என்றார். இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் இருந்ததே பெரிது, யாரும் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றார். நேத்ரா அவர் பேச்சைக் கேட்கவில்லை. வந்தவர் போனவர் எல்லாரிடமும் "கிளிப்பு எங்க? கிளிப்ப பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பித்துப் பிடித்துவிட்டது என்று பார்த்தார்கள். அம்மா மட்டும் அவளோடு கட்டிலுக்கடியில் குனிந்து தேடினாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய மாணிக்கராஜிடம் அந்தக் குரல்களைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"மாத்தாளு வந்துட்டான் கண்ணு. ஒப்படைச்சிட்டுதான் போயிருக்கான் உங்க நைனா" என்றார்.

அவருக்கு அது ஆறுதல். அவளுக்கு இல்லை. காரணம் உண்டு.

ஒன்பதாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். அலுவலக முதலுதவி அறையில் ஓர் ஆக்ஸிமீட்டர் இருந்தது. ஏதோ தோன்றி, தன் விரலை அதற்குள் விட்டாள்.

தொண்ணூற்றெட்டு. நாடி அறுபத்தாறு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் பொருந்தியது. ரிமோட்டைப் பையில் போட்டவள்தானே. உப்புக் காப்பியை முழுதாகக் குடித்தவள்தானே. தொண்ணூறு வருவதற்கு முன்பே கண் அசந்திருக்கிறாள். அந்தத் தூக்கத்தில் எழுந்து போய், அப்பாவின் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். நல்ல எண் வர வேண்டும், வந்தால் தூங்கலாம். அதற்காக. மெஷின் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதையும் அணைத்திருக்கிறாள். பயந்தபோது ஏறியது அவள் நாடி. அடங்கியபோது இறங்கியதும் அவள் நாடி. அப்போது தன் விரலைப் பார்த்தாளா? நினைவில்லை. கிளிப் அந்தக் களேபரத்தில் சாக்கடையில் விழுந்திருக்கும்.

பேயாக இருக்கட்டும் கடவுளே என்று அவள் வேண்டிக்கொண்டாள். பேயே இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் எல்லாரும் வேண்டுவார்கள். அவள் இப்படி வேண்டினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மாலை 6.40. அம்மாவும் மகளும் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கணினி மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. இனி நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியாது என்று நேத்ராவுக்குத் தோன்றியது.

"ம்மா. நைனாவ நான்தாம்மா கொன்னுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். தொண்ணூற்றெட்டு வந்ததை, தூங்கியதை, தன் விரலில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை. கேட்கக் கேட்க அம்மா முகம் வெளுத்துப்போனாள். பிறகு எழுந்து, அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு, தன் சாப்பாட்டுப் பையை எடுத்துவந்தாள். உள்ளே கைக்குட்டையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தாள்.

கிளிப். அதன் பின்மூடி திறந்திருந்தது. இரண்டு பழைய பேட்டரிகள் தனியாக உருண்டன.

"நீ இல்ல பாப்பா. நான்தான்" என்றாள் அம்மா. "அன்னிக்குக் காலைல ஏழு இருவதுக்கு நான்தான் கழட்னேன். பேட்டரி வீக்கா கீதேன்னு மாத்தலாம்னு எடுத்தேன். புதுசு வூட்ல இல்ல. அப்படியே பையில போட்டுக்கினு வேலைக்குப் போயிட்டேன். மத்தியானம் டப்பா எடுக்கசொல்லோதான் பாத்தேன். உனுக்கு ஏழு தபா போன் போட்டேன். நீ எடுக்கல. ஓடியாந்தேன். நீ கிளிப்பு எங்கன்னு கேட்டுக்கினே இருந்த. எனுக்கு வாய் வரல."

நேத்ராவுக்கு முதலில் வந்தது நிம்மதி. ஏழு நாள் பாரம் இறங்கியது. நான் கழற்றவில்லை. நான் மாட்டிக்கொள்ளவில்லை. என்னால் முடிந்திருக்கவே முடியாது.

அடுத்ததாகத்தான் அந்த நேரம் உறைத்தது: ஏழு இருபது.

"கழட்னதும் திரை செவப்பா ஆவல? சத்தம் வரலியா?"

"வந்திச்சி. செவப்பா ஆயி, பீப்பு பீப்புன்னு அடிச்சிது. ஐயோ மனுசன் முழிச்சிக்கப் போறாரேன்னு, பேட்டரி வாங்கியார கடைக்கு ஓடலாம்னு செருப்பு மாட்னேன்."

"அப்புறம்?"

"அதுவே நின்னுடிச்சி. திரும்பிப் பாத்தா நம்பரு வந்திருந்திச்சி. எண்பத்தாறு." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதப் பாத்துதான் எல்லாம் சரியா கீதுன்னு நெனச்சேன். பேட்டரியயும் மறந்தேன், கிளிப்பயும் மறந்தேன். மத்தியானம் பையில பாத்தப்பதான், ஐயோ ஜனவரில நின்னாமாரி பழைய நம்பர்ல நின்னுக்கினு கீது போலன்னு..."

பழைய எண் நிற்காது. அது நேத்ராவுக்குத் தெரியும். நூறு தடவை சோதித்திருக்கிறாள்.

காலை ஏழு இருபதிலிருந்து பகல் ஒன்று நான்கு வரை அந்தக் கிளிப், பேட்டரிகூட இல்லாமல், அம்மாவோடு மைசூர் மைன்ஸ் வரை போய்வந்த சாப்பாட்டுப் பைக்குள் கிடந்தது. அவ்வளவு நேரமும் வீட்டில் ஐந்து நொடிக்கு ஒருமுறை எண் வந்துகொண்டிருந்தது.